மேடை ஏறிய மாணவி

(மாணவர் மன்றக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"மாணவர் தலைமை" எனும் பொருள் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். பேசத் தகுதியுடையவன்தானா நான் என்ற ஐயம், மேடை ஏறிய பின்னரும் என்னை விட்டபாடில்லை. கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன் நான். மேடையிலே முழங்கியபோது எழுந்த கையொலி, வகுப்பறையிலே ஆசிரியர் அழைத்த குரலினும் இனிதாகக் கேட்டது, போனேன், திரும்பவில்லை. அதனைத் தியாகம் என்கிறார்கள் என்பால் அன்பு கொண்டோர். அல்ல, தோழர்களே, அல்ல! அது பிழை. படிப்பைத் துறப்பதுதான் தலைமைக்குப் படிக்கட்டு என்று என்னைச் சுட்டிக்காட்டி எவரேனும் கூறுவரேல், நம்பாதீர்கள்.

எனவே, என் கதை வேண்டாம். நாடகம் எழுதிப் பழகியவன் என்பதால், வேறொரு கதையைக் காட்சியாகவே காட்டுகிறேன். கற்பனையல்ல, நடந்தது.

இடம்: அமெரிக்க நாட்டு வர்ஜீனியா மாநிலத்திலே, பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டத்திலே, ஃபார்ம்வில் எனும் சிற்றூர். காலம்: 1951. வெள்ளையர் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி. கருப்பர் பிள்ளைகளுக்கு வேறொரு பள்ளி. இரண்டும் சமமென்று ஏட்டிலே எழுதி வைத்திருந்தனர். ஏடு சொன்னது அது. கூரை சொன்னது வேறு! கருப்பர் பிள்ளைகளுக்கான மோட்டன் உயர்நிலைப் பள்ளி 1939-இலே 180 பேருக்கெனக் கட்டப்பட்டது. பயின்றவர்களோ 450-க்கும் மேற்பட்டோர். இடம் கேட்டார்கள் பெற்றோர்கள், கிடைத்தது என்ன? தார்க்காகிதம் போர்த்திய கொட்டகைகள்! மழை பெய்தால் ஒழுகும். குளிர்காலத்திலே, அடுப்பருகே அமர்ந்தவன் வெந்தான். எட்ட அமர்ந்தவன் நடுங்கினான். உணவுக்கூடமில்லை, உடற்பயிற்சிக் கூடமில்லை, அறிவியல் ஆய்வுக்கூடமுமில்லை.

அங்கே பயின்றாள் பார்பரா ஜான்ஸ் என்னும் பதினாறு வயதுப் பெண். ஒருநாள் பள்ளிப் பேருந்தைத் தவறவிட்டுச் சாலையோரம் நிற்கிறாள். வெள்ளையர் பள்ளிப் பேருந்து வருகிறது, பாதி இருக்கைகள் காலி, நிற்காமலே போகிறது. தன் பள்ளியின் அவலத்தை இசையாசிரியையிடம் சொல்லிக் குமுறியபோது, அதற்கு நீயே ஏதேனும் செய்யலாகாதா என்று திருப்பிக் கேட்டார் அந்த அம்மையார். கேள்வி சிறிது, அது மூட்டிய கனல் பெரிது.

கவனியுங்கள், தம்பி, தங்கையரே! மாணவர் மன்றத் தலைவி பார்பரா அல்லள். காரி ஸ்டோக்ஸ் என்னும் மற்றொரு மாணவி. பதவி அவளிடம், கனல் இவளிடம். பதவியைப் பறிக்க நினைத்தாளா பார்பரா? இல்லை. காரியையும் அவளுடைய சகோதரன் ஜானையும் நாடினாள். நம்பிக்கைக்குரிய சிலரைச் சேர்த்தாள். மாதக்கணக்கிலே ஓசையின்றித் திட்டமிட்டாள். தலைமை என்பது முதலிலே நாவின் வேலையன்று. செவியின் வேலை, பொறுமையின் வேலை.

1951 ஏப்ரல் 23. நம் மாணவர்கள் பேருந்து நிலையத்தருகே சிக்கலில் மாட்டிக்கொண்டார்கள் என்று தலைமையாசிரியருக்குத் தொலைபேசிச் செய்தி வருகிறது. பதறி ஓடுகிறார் அவர். உடனே, மாணவர்களை மண்டபத்தில் கூட்டுமாறு, அவர் அனுப்பியது போன்ற சீட்டு வகுப்புதோறும் செல்கிறது. திரை விலகுகிறது. மேடையிலே நிற்பவர் தலைமையாசிரியரல்லர், பார்பரா! ஆசிரியர்களை வெளியேறுமாறு வேண்டிக்கொண்டு, மாணவர்களிடம் பேசுகிறாள். புதிய பள்ளி வரும்வரை வகுப்பில்லை என்கிறாள். எழுந்தது கூட்டம்; வெளியேறியது பள்ளி!

பொய்ச் செய்தியும் போலிச் சீட்டும் நல்லொழுக்கமா என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். பொய்யைப் போற்றவில்லை நான். அதன் காரணத்தைக் காணுங்கள். தலைமையாசிரியர் மண்டபத்திலே இருந்திருந்தால், பழி முழுவதும் அவர் தலைமேல் விழும். அவரைக் காக்கவே அப்புறப்படுத்தினர். அப்படியும், அவ்வாண்டே அவர் பதவியை இழந்தார். செய்கிற காரியத்தின் விலையைப் பிறரும் கொடுக்க நேரும் என்பதை மறந்தவன் தலைவனாகான்.

அன்றே பார்பராவும் காரியும் உரிமைச் சங்கத்து வழக்கறிஞர்களுக்குக் கடிதம் எழுதினர். வந்தவர்கள் ஆலிவர் ஹில், ஸ்பாட்ஸ்வுட் ராபின்சன் எனும் இருவர். பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பிவிடலாம் என்றெண்ணி வந்தவர்கள், அவர்தம் உறுதியைக் கண்டு மனம் மாறினர். ஆனால் ஒன்று சொன்னார்கள்: நல்ல கட்டடம் மட்டும் கேட்டால் வழக்கில்லை, பிரித்து வைக்கும் முறையையே எதிர்ப்பதானால் வருகிறோம் என்று. கூரை கேட்டுக் கிளம்பியவர்கள், கொடுமையின் வேரையே கேட்க இசைந்தனர்! இரு வாரம் கழித்து வகுப்புக்குத் திரும்பினர். மே 23-இலே வழக்குத் தொடுக்கப்பட்டது. 1952-இலே தோல்வி. எனினும், உச்சநீதிமன்றம் சேர்த்து விசாரித்த ஐந்து வழக்குகளிலே இதுவும் ஒன்றாயிற்று. அவற்றுள் மாணவர் வேலைநிறுத்தத்திலே முளைத்தது இது ஒன்றே. 1954 மே 17-இலே, பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாதெனத் தீர்ப்பு வந்தது.

இங்கே திரையை இறக்கினால் கையொலி கிடைக்கும். இறக்கமாட்டேன்! 1959-இலே, சேர்ந்து படிக்க வைப்பதைவிடப் பள்ளிகளையே மூடுவது மேல் என்று மூடிவிட்டது அந்த மாவட்டம். வெள்ளையர் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி எழுந்தது. கருப்பர் பிள்ளைகள் பலர் ஆண்டுக்கணக்கில் எழுத்தின்றி இருந்தனர். 1964-இலே உச்சநீதிமன்றம் தலையிட்ட பின்னரே கதவுகள் திறந்தன. வெற்றியின் விலையைச் செலுத்தியவர்கள், வேலைநிறுத்தத்தையே காணாத சின்னஞ்சிறுவர்கள். அவர்களை எண்ணாமல் அந்த வெற்றியைப் பாடுதல் அறமாகாது.

பார்பரா என்னவானாள்? அச்சுறுத்தலுக்கஞ்சிய பெற்றோர், அலபாமாவிலே இருந்த உறவினர் இல்லத்துக்கு அனுப்பினர். அங்கே பள்ளிப்படிப்பை முடித்தாள். பின்னாளிலே பட்டமும் பெற்று, நூலகராகப் பணியாற்றி, 1991-இலே மறைந்தார் அந்த அம்மையார். நாடெங்கும் மேடை தேடி அலையவில்லை, புத்தகங்களிடையே வாழ்ந்தார். அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்திலே வர்ஜீனியாவின் சார்பில் நின்ற தளபதி லீயின் சிலை 2020 டிசம்பரில் அகற்றப்பட்டபோது, அதற்கு மாற்றாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது எவருடைய உருவம் தெரியுமா? அடிமை முறையைக் காக்க வாளேந்திய படையின் தளபதிக்கு மாற்றாக, ஒழுகும் கூரைக்கு எதிராக எழுந்த பள்ளி மாணவியின் உருவம்!

இயக்கத் தோழர்களே, உங்களுக்கும் ஒரு சொல். கொடி பிடிக்கவும் கூட்டம் நிரப்பவும் மாணவரைத் தேடுகிறோம். அவர்கள் வகுப்பறைக் கூரை ஒழுகுகிறதா என்று என்றேனும் கேட்டோமா? கேட்போம், இனியேனும்.

தம்பி, தங்கையரே! எடுத்துக்காட்டாக விளங்க வேண்டுமென்று ஏங்காதீர்கள். பக்கத்து இருக்கையிலே நடுங்குபவனைப் பாருங்கள். அவனுக்காக எழுந்து நில்லுங்கள். எழுந்த வேலை முடிந்ததும் அமர்ந்து புத்தகத்தைத் திறவுங்கள். எழுந்து நிற்க எனக்குத் தெரிந்தது; மீண்டும் அமரத் தெரியவில்லை. உங்களுக்கு இரண்டும் தெரியட்டும்!