கூண்டு எண்ணைக் கூட்டலாமா?



அளவீடும் அலகும் பற்றிய கருத்தரங்கைக் சென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏன் வைக்கிறீர்கள் என்று நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல ஆய்வுக்கூடம் உள்ள கல்லூரியாகப் பார்த்திருக்கலாமே என்பது அவர் எண்ணம். விடியுமுன் இந்தத் துறைமுகத்தில் நடக்கும் ஏலத்தை அவர் பார்த்ததில்லை. எத்தனை பாகம் ஆழத்தில் வலை விட்டார்கள், எத்தனை கடல் மைல் ஓடினார்கள், கண்ணி எத்தனை மில்லிமீட்டர், இறால் எத்தனை கவுண்ட், டீசல் எத்தனை லிட்டர், துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு என்று ஆறு வகைக் கேள்விகள் அங்கே ஒரே மூச்சில் காதில் விழும். ஆறுக்கும் விடை ஓர் எண்தான். ஆனால் ஆறும் ஒரே இனத்து எண்கள் அல்ல. நம் வகுப்பறைகள் அலகு மாற்றத்தை விழுந்து விழுந்து சொல்லித் தருகின்றன; கையில் இருப்பது எந்த இனத்து எண் என்று கேட்கச் சொல்லித் தருவதில்லை. இன்று என் பேச்சு அதைப் பற்றியதுதான்.

புயல் நேரத்தில் துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டிலிருந்து தொடங்குகிறேன். இந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு அதை யாரும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. துறைமுக எச்சரிக்கை எண்கள் 1 முதல் 11 வரை உண்டு. 1, 2 என்றால் புயல் சின்னம் தொலைவில், நடுக்கடலில். 3, 4 என்றால் துறைமுகத்திலேயே வானிலை கெடலாம். 5, 6, 7 மூன்றும் அபாய அறிவிப்புகள்; 8, 9, 10 மூன்றும் பெரும் அபாய அறிவிப்புகள். இனிதான் கவனிக்க வேண்டும். 5-க்கும் 6-க்கும் இடையே ஆபத்தின் அளவில் வேறுபாடு இல்லை. புயல் துறைமுகத்தை இடப்பக்கம் விட்டுக் கரை கடக்குமா, வலப்பக்கம் விட்டுக் கடக்குமா என்பதுதான் வேறுபாடு. 7 என்றால் துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ கடக்கும். 8, 9, 10 கடும்புயலுக்கு அதே வரிசை. 11 இருக்கிறதே, அது 10-ஐவிடப் பெரிய புயல் அன்று. வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்ற செய்தி. ஆக, இந்த எண்ணில் பாதி வரிசை, பாதி வெறும் பெயர். இதில் அலகே கிடையாது. ஐந்தாம் எண் கூண்டு இரண்டைச் சேர்த்தால் பத்தாம் எண் வராது. கூண்டு ஐந்திலிருந்து ஆறாக ‘உயர்ந்தது’ என்று செய்தி வாசிப்பவரை நான் குறை சொல்லமாட்டேன்; அவரும் நம் வகுப்பில் படித்தவர்தானே.

அடுத்தது இறால். ஒரு கிலோவுக்கு எத்தனை இறால் நிற்கும் என்பதே கவுண்ட். 20 கவுண்ட் இறால் ஒன்று சராசரியாக 50 கிராம். 40 கவுண்ட் இறால் 25 கிராம். எண் ஏறினால் இறால் சிறுக்கும், விலை இறங்கும். இப்போது இரண்டு ரகத்தையும் கலந்தால் என்ன கவுண்ட் வரும்? ஒவ்வொன்றிலும் ஒரு கிலோ எடுத்தால், 2 கிலோவில் 60 இறால், அதாவது 30 கவுண்ட். நம் மாணவர் கூட்டி இரண்டால் வகுத்துச் சொல்லும் விடையும் அதுதான். ஆனால் எடைக்குப் பதிலாக எண்ணிக்கை சமமாக, ஒவ்வொன்றிலும் 40 இறால் எடுத்துப் பாருங்கள். 20 கவுண்டில் 40 இறால் 2 கிலோ. 40 கவுண்டில் 40 இறால் ஒரு கிலோ. மொத்தம் 3 கிலோவில் 80 இறால், கவுண்ட் 27-க்குச் சற்றுக் குறைவு. சராசரி என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு விடை. இறால் தரம் பிரிக்கும் பெண்கள் பெட்டியில் கை வைத்ததுமே கவுண்டைச் சொல்லிவிடுவார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளை பதினொன்றாம் வகுப்பில், அந்த இரண்டாம் விடையைத் தரும் இசைச் சராசரியை மனப்பாடம் செய்துகொண்டிருக்கும்.

இந்தத் தலைகீழ் எண் இறாலோடு நிற்பதில்லை. பக்கத்துப் பெரம்பூரில் ஓடிய பின்னி பஞ்சாலையை இங்குள்ள பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஒரு பவுண்டு எடையில் 840 கஜச் சிட்டம் எத்தனை அடங்கும் என்பதே பருத்தி நூலின் நம்பர்; நம்பர் கூடினால் நூல் மெலியும். வலை பின்னும் நைலான் இழைக்கோ டெனியர். 9000 மீட்டர் இழை எத்தனை கிராம் என்று பார்ப்பது. எண் கூடினால் இழை தடிக்கும். இரண்டும் நூல்தான், கணக்கு எதிரெதிர்த் திசையில் ஓடுகிறது.

வலைக் கண்ணியில் வேறொரு சிக்கல். சதுரக் கண்ணியின் ஒரு பக்கம் 20 மில்லிமீட்டர் என்று வையுங்கள். அதே கண்ணியை இழுத்துப் பிடித்து முடிச்சுக்கு முடிச்சு அளந்தால் 40. ஒரே வலையை ஒருவர் இருபது என்பார், மற்றவர் நாற்பது என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. அலகைச் சொன்னால் போதாது, அளந்த முறையையும் சொன்னால்தான் அளவு முழுமையாகும்.

கடல் மைலுக்கு வருகிறேன். விசைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்கு அப்பால்தான் மீன்பிடிக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. 5 கடல் மைல் 9.26 கிலோமீட்டர். ஒரு கடல் மைல் ஏன் 1852 மீட்டர் என்று எந்த மாணவராவது கேட்டால், அவரை மேடைக்கு அழைத்து மாலை போடுங்கள். வட, தென் திசையில் புவியின் ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் ஒரு நிமிடம். அதன் நீளமே கடல் மைல். புவியின் வளைவு எங்கும் ஒன்றுபோல் இல்லாததால், 1929-இல் மொனாக்கோவில் கூடி 1852 என்று நிலைநிறுத்தினார்கள். மீட்டரும் அதே புவியில் பிறந்ததுதான். துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கு என்று பிரெஞ்சுக்காரர்கள் அதை வகுத்தார்கள். ஒரு கோடி மீட்டரை 90-ஆலும் பிறகு 60-ஆலும் வகுத்தால் 1851.85 வரும். காசிமேடு ஏறத்தாழ 13 பாகை 7 நிமிட வட அட்சத்தில் இருக்கிறது. படகில் உள்ள ஜி.பி.எஸ். திரையைப் பார்த்தே, நிலநடுக்கோடு இங்கிருந்து 787 கடல் மைல் என்று ஒரு பெருக்கலில் சொல்லிவிடலாம்.

அந்தப் பாகையின் நீளத்தை அளக்கும் வேலை நம் ஊரிலும் நடந்தது. 1802 ஏப்ரலில் பரங்கிமலைப் பக்கம் நில அளவையாளர் வில்லியம் லாம்ப்டன் 100 அடி எஃகுச் சங்கிலியைக் கொண்டு ஏழரை மைல் நீள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். சென்னை வெயிலில் எஃகு நீளும். அதனால் சங்கிலியோடு வெப்பமானியும் வைத்து, வெப்பத்துக்கேற்பத் திருத்தம் போட்டார்கள். மீட்டர் 1983 முதல் ஒளியின் வேகத்தையும், கிலோகிராம் 2019 மே 20 முதல் பிளாங்க் மாறிலியையும் பிடித்துக்கொண்டுவிட்டன. அந்த வெப்பமானிக் கவலை மட்டும் எந்தப் பள்ளி ஆய்வகத்திலும் இன்னும் தீர்ந்தபாடில்லை.

பாகத்தைப் பழைய அளவு என்று ஒதுக்குவோருக்கு ஒரு சொல். இரு கையையும் விரித்த நீளம் அது, ஏறக்குறைய 6 அடி. ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் கயிற்றைக் கையால் இழுக்கும்போதே அளவும் முடிந்துவிடுகிறது. ஒரே ஆள் தன் படகில் நேற்றைய ஆழத்தையும் இன்றைய ஆழத்தையும் ஒப்பிட அது தாராளமாகப் போதும். இன்னொரு படகுக்குச் சொல்லும்போதுதான் பொது அலகு வேண்டும். பொது அலகின் தேவையைப் பிள்ளைக்கு உணர்த்த இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

வினாத்தாள் அமைப்போர் இந்த அவையில் இருக்கிறீர்கள். கிலோமீட்டரைச் சென்டிமீட்டராக மாற்றச் சொல்லும் கேள்விகளில் ஒன்றை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நான்கு எண்களைக் கொடுங்கள். எதைக் கூட்டலாம், எதைக் கூட்டக் கூடாது, ஏன் என்று கேளுங்கள். மதிப்பெண் இடுவது உங்களுக்குச் சற்றுச் சிரமமாக இருக்கும், பரவாயில்லை. இன்றைய அமர்வுகளில் அப்படிப்பட்ட கேள்விகளை நாமே எழுதிப் பார்ப்போம். கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன், முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.