கோஷத்துக்கு வயசாகுமா?

(கருத்தரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, இங்கிலாந்தின் வடபகுதியில் ‘நார்தர்ன் சோல்’ என்றொரு ஆட்டக் கூட்டம் உண்டு. 1970களில் ஆலையிலும் சுரங்கத்திலும் வேலைபார்த்த வெள்ளை இளைஞர்கள் ராத்திரியெல்லாம் கூடி விடிய விடிய ஆடினார்கள். 1973லிருந்து 1981வரை விகன் கசினோ இதற்குப் பேர்போன இடம். ஆடினது யார் பாட்டுக்கு? அமெரிக்காவில் விலைபோகாமல் மூலையில் கிடந்த கறுப்பினப் பாடகர்களின் இசைத்தட்டுகளுக்கு.

பைகளில் அவர்கள் தைத்துக்கொண்ட சின்னம் உயர்த்திய கறுப்பு முஷ்டி. கோஷம் ‘கீப் த ஃபெய்த்’. அதாவது, நம்பிக்கையை விட்டுடாதே. முஷ்டி வந்தது கறுப்பு அதிகார இயக்கத்திலிருந்து. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் அதை உயர்த்திய டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோசும் அணியிலிருந்தே வெளியேற்றப்பட்டாங்க. கோஷத்தை அதே காலத்தில் ஹார்லெமின் கறுப்பினப் பிரதிநிதி ஆடம் கிளேட்டன் பவல் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்னைக்கு ஆடினவங்களுக்கு இன்னைக்கு அறுபது, எழுபது வயசு. பழசை நெனச்சு இன்னும் ஆடுறாங்க. முஷ்டி இப்போ காபிக் கோப்பையில் விற்குது. இந்தக் கோஷம் இனியும் பொருந்துமா?

வயசு பிரச்சினை இல்லீங்க. கணக்குதான் பிரச்சினை. தட்டு போடுகிறவர்கள் போட்டியாளருக்குத் தெரியக்கூடாதென்று பாடகர் பெயரை மறைத்து, பொய்ப்பெயர் ஒட்டினார்கள். திருட்டுப் பிரதிகள் விற்றன, பாடினவனுக்குக் காசில்லை. ஃபிராங்க் வில்சன் 1965இல் பாடிய ஒரு தட்டு 2009இல் 25,000 பவுண்டுக்கு மேல் போனது. பழைய தட்டு கைமாறினால் பாடினவனுக்கு ஒன்றும் வராது. முஷ்டியைத் தைத்துக்கொண்டு, முஷ்டிக்குச் சொந்தக்காரன் பேரையே மறைக்கிறது என்ன நம்பிக்கை? அதே வருஷங்களில் நேஷனல் ஃப்ரண்ட்காரர்கள் கறுப்பர்களை நாட்டைவிட்டுத் துரத்தச் சொல்லித் தெருவில் ஊர்வலம் போனார்கள். பையில் இருந்த முஷ்டி அந்தத் தெருவுக்கு வந்ததா?

இன்னொரு பக்கமும் உண்டு. சொந்த நாடு மறந்த மேஜர் லான்சை 1972இல் ஸ்டோக் நகருக்கு வரவழைத்து மேடையேற்றியதும் இந்தக் கூட்டம்தான். பாடினவனைத் தேடிப்போன அந்த ராத்திரியில் கோஷம் பொருந்தியது. இன்றும் அப்படித் தேடிப்போகிற இடத்தில் பொருந்தும். கோப்பையில் பொருந்தாது.

இதை ஏன் இங்கே பேசறேன்? நாமும் கடன் வாங்கினவங்கதான். 1966இல் ஓக்லாந்தில் பிறந்த கருஞ்சிறுத்தைகளின் பேரை எடுத்துத்தான் 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் எழுந்தார்கள். ஆனால் அந்தப் பேருக்கு விலை கொடுத்தார்கள். 1974இல் வொர்லிக் கலவரத்தையொட்டி நடந்த ஊர்வலத்தில் பகவத் ஜாதவ் கொல்லப்பட்டார். கடனை அப்படித்தான் அடைச்சாங்க.

இப்ப நம்ம கோஷங்களும் பனியனில் வருது, வண்டியில் ஒட்டுறாங்க. வரட்டும். தப்பில்லை. ஆனா அந்தப் பனியனைப் போட்டிருக்கிறவன் தன் ஊர்ச் சேரியில் பாதையை அடைச்சா என்ன செய்யறான்? செத்துப்போன தோழர்கள் பேரு அவனுக்குத் தெரியுமா? இதைக் கேளுங்க. பதில் இருந்தா கோஷம் புதுசு. இல்லேன்னா நேத்து அச்சடிச்சதுகூடப் பழசுதான்.