30,000 ரூபாய்க்கு எந்த கேமரா வாங்கலாம்?

"பட்ஜெட் 30,000. எந்த கேமரா வாங்கலாம்?" எங்களுக்கு அதிகமா வர்ற கேள்வி இதுதான். பதிலுக்கு முன்னாடி என் கதையைச் சொல்லிடறேன்.

உப்பளத்துல எங்க வீட்ல இருந்து சைக்கிள் மிதிச்சா பத்து நிமிஷத்துல வம்பாகீரப்பாளையம் கடற்கரை. அங்க கடலுக்குள்ள நீண்டு கிடந்த பழைய துறைமுகப் பாலத்தை நல்லா ஒரு படம் எடுக்கணும்னு ரெண்டு வருஷம் ஆசைப்பட்டேன். கையில இருந்தது சாதாரண போன். ஃபுல் ஃப்ரேம் கேமரா வாங்கின பிறகு எடுத்துக்கலாம்னு தள்ளிப்போட்டேன். 2022 மார்ச் 6, ஞாயிற்றுக்கிழமை. கடல் சீற்றத்துல பாலத்தோட ஒரு பகுதி இடிஞ்சு விழுந்துடுச்சு. பாலம் முழுசா நின்ன காலத்துப் படம் என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அதுலயும் பாதியை நண்பனோட தலை மறைக்குது.

அந்தப் படத்துக்கு போனே போதும்ங்க. பாலம் அசையப் போறதில்ல, காலையில வெளிச்சத்துக்கும் பஞ்சமில்ல. சீக்கிரம் எழுந்திருக்கணும், அவ்வளவுதான்.

அதுக்காக, "கேமரால என்ன இருக்கு, எல்லாம் கண்ணுலதான் இருக்கு"ன்னு சொல்றவங்களையும் நான் நம்பறதில்ல. உப்பளம் ராஜீவ் காந்தி உள்விளையாட்டரங்கத்துல ஷட்டில் மேட்ச் எடுத்துப் பாருங்க. ஸ்மாஷ் அடிக்கிற கை கலங்காம வரணும்னா ஷட்டர் வேகம் 1/500 நொடியாவது வேணும். அந்த நேரத்துக்குள்ள வர்ற வெளிச்சம் ரொம்பக் கம்மி. கேமராவோட சேர்த்துக் கொடுக்கிற 18-55 லென்ஸை முழுசா ஜூம் பண்ணினா எஃப் 5.6 அளவுக்குத்தான் திறக்கும். 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் அதைவிடக் கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சத்தை உள்ள விடும். ஜூம் கிடையாது, கோர்ட் பக்கத்துலயே உட்காரணும். ஆனா படம் கிடைக்கும். இந்த இடத்துல காசு வேலை செய்யுது.

அதனால என் பதில்: புது பாடி வேணாம். செகண்ட் ஹேண்ட் டிஎஸ்எல்ஆர் பாடி ஒண்ணு, இந்த 50 எம்எம் ஒண்ணு. வாங்கும்போது ஷட்டர் கவுண்ட் கேளுங்க. லென்ஸுக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க, சிலந்தி வலை மாதிரி தெரிஞ்சா அது பூஞ்சை. நம்ம ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை சீக்கிரமே பிடிக்கும். கடற்கரைக்குப் போயிட்டு வந்தா உப்பைத் துடைச்சிட்டு, இறுக்கமா மூடுற டப்பால சிலிக்கா ஜெல் போட்டு வைங்க. நீல ஜெல் ரோஸ் கலராச்சுன்னா மாத்திடுங்க. இதுக்கு ஆகற செலவு ஒரு சினிமா டிக்கெட்டைத் தாண்டாது. நான் பையிலேயே போட்டு வச்சு ஒரு லென்ஸை இழந்திருக்கேன்.

இருட்டும் வேணாம், ஓடுறதும் பறக்கிறதும் வேணாம், தெருவும் கடலும் மனுஷங்களும் போதும்னா, அந்த 30,000 இப்போதைக்கு பேங்க்லயே இருக்கட்டும்.

அப்புறம் அந்த நண்பன்கிட்ட, அன்னைக்கு அவன் போன்ல பாலத்தை எடுத்தானான்னு கேட்டிருக்கேன். பழைய மெமரி கார்டைத் தேடிட்டு இருக்கான்.