வழுவியோர் மீளும் வழி: ஒல்லாந்தர் கால இலங்கையும் யோசப் வாஸ் அடிகளாரும்

வீழ்ந்தவர் இறைவனிடம் மீளுவதைக் கிறிஸ்தவ மறையுரைகள் பெரும்பாலும் தனியொருவரின் உள்ளத்துக்குள் நிகழும் மாற்றமாகவே விளக்குகின்றன. லூக்கா நற்செய்தியின் ஊதாரி மைந்தன் உவமையிலும், தந்தை தொலைவிலேயே கண்டு ஓடிச்சென்றதைவிட, மகன் எழுந்து புறப்பட்டதே மிகுதியாக எடுத்துரைக்கப்படுகிறது. ஒல்லாந்தர் ஆட்சியில் இலங்கைக் கத்தோலிக்கர் பட்ட பாடு, இவ்விளக்கம் பாதி உண்மையே என்பதைக் காட்டுகிறது.

1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றிய ஒல்லாந்தக் கம்பெனி, கத்தோலிக்கக் குருமாரை வெளியேற்றி, அவர்களுக்குப் புகலிடம் தருவோர்க்கு மரண தண்டனை என்றும் அறிவித்தது. பிறப்பு, திருமணம் முதலியவற்றைப் பதியும் ஏடான தோம்பு, சீர்திருத்தச் சபைப் பள்ளிக்கூட உபாத்தியாயர் கையில் இருந்தது. அதில் இடம்பெறாதவரின் திருமணமும் அதன்வழி வரும் முதுசம் மீதான உரிமையும் கேள்விக்குள்ளாயின. ஆகவே பகலில் தோம்பில் பெயர் எழுதுவித்துக்கொண்ட குடும்பமே இரவில் கதவை அடைத்துச் செபமாலை சொல்லியது. இவர்களை விசுவாசிகள், மறுதலித்தவர்கள் என இரு பகுதியாகப் பிரிப்பது எளிது. உண்மையில் இரண்டும் ஒரே வீட்டில், பல வேளைகளில் ஒரே நெஞ்சில் குடியிருந்தன.

திருச்சபைக்கு இச்சிக்கல் புதிதன்று. 250இல் உரோமைப் பேரரசன் டேசியஸ் எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டுமென ஆணையிட்டபோது, பலியிட்டோரும், பலியிடாமலே காசு கொடுத்துச் சான்றிதழ் பெற்றோரும் 'வழுவியோர்' எனப்பட்டனர். அவர்களை மீண்டும் ஏற்கலாகாது என்று நொவேஷியன் வாதிட, தவமுயற்சி, அதாவது பாவத்துக்கு ஈடாக மேற்கொள்ளும் ஒறுத்தல், முடிந்தபின் ஏற்கலாம் என்று கார்த்தேஜ் ஆயர் சிப்ரியன் கூட்டிய 251ஆம் ஆண்டுச் சங்கம் முடிவுசெய்தது. ஆனால் கார்த்தேஜில் ஆயர் இருந்தார். யாழ்ப்பாணத்தில் பாவசங்கீர்த்தனம், அதாவது பாவங்களைக் குருவிடம் அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறும் சடங்கு, நடத்தக் குருவே இல்லை.

அந்த வெற்றிடத்துக்குள் 1687இல் கோவாவைச் சேர்ந்த யோசப் வாஸ் அடிகளார் கூலியாள் வேடத்தில் வந்திறங்கினார். யார் கத்தோலிக்கர் என்று கேட்டறிவது இருதரப்புக்கும் ஆபத்தாகையால், அவர் கழுத்தில் செபமாலை தொங்க வீடுவீடாகப் பிச்சை கேட்டு, மாலையைக் கண்டதும் மாறும் முகங்களைக் கவனித்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. மீள வேண்டியவரைத் தேடி மீட்பவர் பிச்சைக்காரராக வாசலில் நின்றார் என்பதே இதில் கருதத்தக்கது; குற்றம் விசாரிக்கும் தோரணை அங்கு எடுபட்டிராது. பின்னர் அவர் சில்லாலையில் தங்கி இரவுகளில் திருப்பலி நிறைவேற்றினார். மீட்சிக்கு விலையும் இருந்தது: 1689 நத்தார் இரவில் கூடியிருந்தோர் கைதானபோது, சீர்திருத்தச் சபையை விட்டுக் கத்தோலிக்கத்துக்கு வந்திருந்த தொன் பேதுரு அடியுண்டு இறந்தார்.

1692இல் கண்டி சென்ற அடிகளார், போர்த்துக்கேய ஒற்றர் என்ற ஐயத்தில் சிறைவைக்கப்பட்டார். நெடுங்காலம் குருவைக் காணாத கத்தோலிக்கர் அவரைத் தேடிச் சிறைக்கே வந்தனர். 1697இல் பெரியம்மை பரவி, உறவினரே நோயாளரைக் கைவிட்டு ஓடிய நகரில் அவர்களைப் பேணியதால் மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியனின் நன்மதிப்பைப் பெற்றார். எங்கும் நிலையாகத் தங்க இயலாத அவர், ஊர்தோறும் மூப்பர், அண்ணாவி எனும் பொதுநிலைப் பணியாளரை நியமித்தார். குரு இல்லாத வேளையில் 'உத்தம மனஸ்தாபம்', அதாவது தண்டனைக்கு அஞ்சியன்றி இறையன்பினாலேயே பாவத்துக்கு வருந்துதல், மன்னிப்பைப் பெற்றுத்தரும் என்பது திருச்சபையின் போதனை; குரு கிடைத்ததும் பாவசங்கீர்த்தனம் செய்யும் உறுதியும் அதனுள் அடங்கும். குருவற்ற ஊர்கள் பற்றிக்கொள்ள எஞ்சியிருந்தது இதுவே.

அத்தகைய ஊர்களுள் ஒன்றான, மாத்தளை மாவட்டத்துக் கலேவெலப் பகுதியின் வஹகோட்டையில், கண்டி மன்னர் குடியமர்த்திய போர்த்துக்கேயக் கைதிகளின் வழித்தோன்றல்கள் வாழ்ந்தனர். அடிகளார் 1711இல் மறைந்தபின், ஸ்ரீ விஜய ராஜசிங்கன் காலத்தில் (1739–1747) கண்டியிலிருந்து குருமார் மீண்டும் வெளியேற்றப்பட்டும், புனித அந்தோனியார் பக்தி அவ்வூரில் நிலைத்தது. இன்றும் அது பெயர்பெற்ற யாத்திரைத் தலம்.

1796இல் ஒல்லாந்தர் ஆட்சி முடிந்ததும் தோம்புக் கிறிஸ்தவர்களுள் மிகப் பலர் தத்தம் முன்னைச் சமயத்துக்கே திரும்பினர். அதுவும் ஒரு மீட்சியே என்று சைவர் கூறினால் மறுப்பதற்கில்லை. கத்தோலிக்கர் மீதான தடைகளை ஆங்கில ஆட்சி 1806இல் நீக்கியபோது, ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மறைவில் செபித்த கத்தோலிக்கக் குடும்பங்கள் வெளிப்படையாகக் கோவிலுக்கு வந்தன.