படம் எழுதுதலும் தலையெழுத்தும்



படம் எழுதுவதைப் பற்றி நாம் பேசப்போகிறோம் என்று நோட்டீசில் கண்டதும், "இவருக்கும் படத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் சிரித்திருக்கக் கூடும். சிரித்ததில் தவறில்லை. நாம் சித்திரக்காரர் அல்ல; சித்திரப் பள்ளிக்கூடத்தின் வாசற்படியை மிதித்தவரும் அல்ல. ஆனாலும் சென்ற நான்கு வருஷ காலமாக, தினம் இரவில் அரைமணி நேரம் பென்சிலும் கையுமாக உட்கார்ந்து வருகிறோம். அதில் கண்டதைச் சொல்லவே வந்தோம்.

சிறு வயதில் பலகையில் மாடு எழுதியதற்காக உபாத்தியாயரிடம் பிரம்படி பட்டோம். "அதற்கென்று பிறந்தவன் எழுதுவான், உனக்கு ஏனடா?" என்றார் அவர். அடி அன்றைக்கே ஆறிற்று. சொல் முப்பது வருஷம் ஆறவில்லை. நாற்பது வயது வரை பென்சிலால் கணக்கு எழுதினோமே தவிர, ஒரு கோடு இழுக்கத் துணியவில்லை. தோழர்களே, தலையெழுத்து என்பது இவ்வளவுதான். யாரோ ஒருவர் வாயால் சொன்னதை ஆண்டவன் நம் தலையில் எழுதியதாக எண்ணி, நம் கையை நாமே கட்டிக்கொள்கிறோம்.

"நாற்பதுக்கு மேல் தொடங்கி என்ன வரும்?" என்று கேட்பீர்கள். பிரான்சு தேசத்தில் ஆன்ரி ரூசோ என்று ஒருவர் இருந்தார். 1844 இல் ஒரு தகரவேலைக்காரருக்குப் பிறந்தவர். பாரிஸ் நகருக்குள் வரும் சரக்குகளுக்கு வரி வாங்கும் சாவடியில் சிப்பந்தி. ஓய்ந்த நேரத்தில் தாமாகவே எழுதிப் பழகினார். 1884 இல், தம் நாற்பதாவது வயதில், லூவர் சித்திரசாலையில் படங்களைப் பார்த்து எழுத அனுமதி பெற்றார். 1886 முதல் பொதுக் காட்சியில் படங்களை வைத்தார். பார்த்தவர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். அவரோ நிறுத்தவில்லை. காட்டையே காணாத அவர், பாரிசிலுள்ள தாவரத் தோட்டத்திற்குப் போய்ச் செடிகொடிகளைப் பார்த்து, பெருங்காடுகளை எழுதினார். 1897 இல் எழுதிய ஒரு படத்தைத் தாம் பிறந்த ஊருக்கு விலைக்குக் கொடுக்க முன்வந்தபோது, ஊர் நிர்வாகம் வேண்டாம் என்றது. அந்தப் படம் இன்று நியூயார்க் நவீன கலைக்கூடத்தில் இருக்கிறது!

அமெரிக்காவில் 1860 இல் பிறந்த மோசஸ் பாட்டியோ ஒரு பண்ணைக் குடியானவப் பெண். கீல்வாதத்தால் ஊசி பிடித்துப் பூவேலை செய்ய முடியாமற் போகவே, எழுபத்தைந்து வயதுக்கு மேல் தூரிகையை எடுத்தார். 101 வயதில், 1961 இல் இறப்பதற்குள் 1500 படங்களுக்கு மேல் எழுதினார். எந்தத் தெய்வம் அந்த வயதில் வந்து அவர் கையில் வரம் கொடுத்தது? தினமும் உட்கார்ந்தார், கை வந்தது.

ஒருவருக்குச் சீக்கிரம் வரும், ஒருவருக்கு மெதுவாக வரும் என்பதை நாம் மறுக்கவில்லை. நம்மில் அநேகர் ரூசோ ஆகப்போவதுமில்லை, ஆகவேண்டியதுமில்லை. பின் எதற்காக எழுதுவது என்றால், கண் திறப்பதற்காகத்தான். தினம் பார்க்கும் மாட்டைப் பாராமல் எழுதிப் பாருங்கள். கொம்புக்குக் காது மேலா, கீழா? பின்னங்கால் எந்தப் பக்கம் மடங்குகிறது? கை திகைத்து நின்றுவிடும். நாம் எழுதிய முதல் மாட்டைக் கண்டு நம் வீட்டுக் குழந்தை, "நாய் நன்றாயிருக்கிறது" என்றது! பிறகுதான் தொழுவத்திற்குப் போய் நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக மாட்டைப் பார்த்தோம். போட்டோப் பிடித்தால் போதாதா என்றால், போட்டோப் பெட்டி நமக்குப் பதிலாகப் பார்த்துவிடும். பென்சிலோ நம்மையே பார்க்கச் செய்யும். பெரியவர் சொன்னார், ஏட்டில் இருக்கிறது என்ற பேச்சு பென்சிலிடம் செல்லாது.

இதற்குப் பணம் வேண்டாம். அடுப்புக்கரியும், ஒரு பக்கம் எழுதிய காகிதத்தின் மறுபக்கமும் போதும். செம்பு, செருப்பு, தூங்கும் குழந்தை எதையேனும் எதிரில் வைத்து எழுதுங்கள். ஓரத்தில் தேதி போடுங்கள். கோணலாயிருந்தாலும் கிழிக்காதீர்கள், ஆறு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால், கையை வளர்த்தது வரமா, பழக்கமா என்பதற்கு அதுவே சாட்சி சொல்லும்.

கடைசியாக ஒன்று. உங்கள் பிள்ளையோ பெண்ணோ சுவரில் கரியால் கிறுக்கினால், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொள்ளலாம். குழந்தையை மட்டும் "உனக்கு ஏன்?" என்று கேட்டுவிடாதீர்கள். அந்தச் சொல்லை அழிக்க நமக்கு முப்பது வருஷம் பிடித்தது.