கேட்கத் தெரிந்தவரே முகாமையாளர்

(சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை)



நான் ஏ.எல். வரை படித்தவன். இங்கே ஜெர்மனியில் ஒரு தொழிற்சாலையில் மெசினோடு வேலை. முகாமையாளர்களைப் பற்றிக் கதைக்க இவன் ஆர் என்று நினைப்பீர்கள். மேலே இருக்கிறவர் காது கொடுக்கிறாரா என்பது கீழே நிற்கிறவனுக்குத்தான் வடிவாகத் தெரியும். அதோடு, எங்கட ஆக்கள் சிலரே இப்ப பொறுப்பாளர்களாக இருக்கினம். நாளைக்கு எங்கட பிள்ளைகளும் அந்தக் கதிரையில் இருப்பினம்.

கேளாமல் விட்டால் என்ன நடக்கும்? 1986 ஜனவரியில் அமெரிக்காவின் சலஞ்சர் விண்கலம் புறப்பட முதல்நாள் இரவு, கடுங்குளிரில் ரப்பர் வளையங்கள் சரியாக அடைக்காது, ஏவவேண்டாம் என்று பொறியியலாளர்கள் சொன்னார்கள். மேலிடம் கேட்கவில்லை. புறப்பட்டு 73 செக்கனில் கலம் சிதறியது. 7 பேர் மாண்டார்கள்.

ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் வேறுவழி கண்டது. பிழையைக் கண்ட தொழிலாளி ஒரு கயிற்றை இழுப்பான். பொறுப்பாளர் அவனிடம் வருவார். உரிய நேரத்துக்குள் சரிவராவிட்டால் வேலை வரிசையே நிற்கும். சொல்லுறவனைத் தேடிக் கேட்கிறவர் வாறார். அதுதான் விசயம்.

பொறுப்பில் உள்ளவர்களுக்கு நாலு சொல். மெசினடிக்கு வந்து கேளுங்கோ. அறைக்குள்ளே கூப்பிட்டால் பயத்தில் வாய் வராது. "விளங்கிச்சுதோ?" எண்டு கேட்டால் பாஷை தெரியாதவன் "யா, யா" எண்டுதான் சொல்லுவான், "எப்பிடிச் செய்யப்போறாய், காட்டு" எண்டு கேளுங்கோ. திக்கித்திக்கிக் கதைக்கிறவனை இடையில் மறிக்காதேங்கோ. கேட்டதைச் செய்ய ஏலாதெண்டாலும், ஏன் எண்டு மறுமொழி சொல்லுங்கோ.

தொழிலாளருக்கும் ஒன்று. 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, 5 பேராவது நிரந்தரமாக வேலைசெய்யும் இடத்தில் தொழிலாளர் பிரதிநிதிகளை, அதுதான் பெற்றீப்ஸ்ராற்றை, தெரிவு செய்யலாம். வாக்களிக்கவோ போட்டியிடவோ ஜெர்மன் குடியுரிமை தேவையில்லை. முறைப்பாடு செய்தவரைப் பழிவாங்கவும் சட்டம் விடாது. ஆகவே வாய் திறவுங்கோ.

எங்கட குரலைக் கேட்க ஆளில்லாமல்தான் நாட்டை விட்டு வந்தோம். கேட்கிற இடம் எங்களுக்குக் கிடைக்கும்போது நாங்களும் காதைப் பொத்தக்கூடாது.