காதுக்கு நிறம் தெரியுமா?



சங்கீதத்தைப் பற்றிப் பேச நாம் எழுந்தது உங்களில் பலருக்கு வேடிக்கையாய் இருக்கும். நமக்கு ராகமும் தெரியாது, தாளமும் தெரியாது. ஆனால் எவன் வாசிக்கலாம், எவன் எந்த வாசல் வழியாய் நுழையலாம் என்கின்ற விவகாரம் நமக்கு நன்றாய்த் தெரியுமானதால் பேசுகின்றோம்.

அமெரிக்காவில் ராய் எல்ட்ரிட்ஜ் என்று ஒரு கறுப்பர் இருந்தார். 1911-ல் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தவர். ஆள் குட்டை. ஆகையால் ‘லிட்டில் ஜாஸ்’ என்று பட்டப் பெயர். ஊதியது டிரம்பெட். டிஸ்ஸி கில்லெஸ்பி போன்ற பெரிய வித்வான்களே இவரைக் கேட்டுத்தான் பழகினார்கள் என்றால் யோக்கியதையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

1941-ல் ஜீன் குருபா என்கின்ற வெள்ளைக்காரர் தமது கோஷ்டியில் இவரைச் சேர்த்துக்கொண்டார். அக்காலத்தில் வெள்ளையர் வரிசையில் ஒரு கறுப்பர் உட்கார்ந்து வாசிப்பது வெகு அபூர்வம். மேடையில் கைதட்டல், கீழே இறங்கினால் படுக்க ஓட்டல் இல்லை, சாப்பிட மேஜை இல்லை. பென்சில்வேனியாவில் யார்க் என்னும் ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இவருக்குச் சோறு போட மறுக்கவே, குருபா கைகலந்து அபராதமும் கட்டினார். அந்த மனிதருக்கு நமது வந்தனம்.

1944-ல் ஆர்ட்டி ஷா கோஷ்டியில் சேர்ந்தார். ஒரு நடன மண்டபம். வாசலில் இவர் பெயரையே போட்டு விளம்பரம். அதே வாசலில் இவரைத் தடுத்து, இது வெள்ளையர் நடனம் என்றார்கள். பெயர் உள்ளே போகலாமாம், பெயருக்குடையவன் போகக்கூடாதாம்! ஒருவாறு உள்ளே போய், கண்ணீர் வழிய வழிய வாசித்தார்.

இனித்தான் நாம் சொல்ல வந்த முக்கிய சங்கதி. இவ்வளவு அவமானமும் பட்ட மனிதருக்கு, வாசிப்பைக் கேட்டே வாசிப்பவன் வெள்ளையனா கறுப்பனா என்று சொல்லிவிடலாம் என்று ஒரு நம்பிக்கை. அடித்தவனுடைய சாஸ்திரம் அடிபட்டவர் மனதிலும் எப்படிப் புகுந்துவிடுகின்றது பாருங்கள். 1951-ல் லெனார்டு ஃபெதர் என்கின்ற விமர்சகரோடு பந்தயம் கட்டினார். பெயரைச் சொல்லாமல் ஒவ்வொரு ரிக்கார்டாய்ப் போட்டுக் காட்டினார்கள். சரியாய்ச் சொன்னதைவிடத் தப்பாய்ச் சொன்னதே அதிகம். அவர் சண்டித்தனம் செய்யவில்லை. ரிக்கார்டை மட்டும் கேட்டுச் சொல்ல முடியாது என்று ஒப்புக்கொண்டார். நமது பண்டிதர்களில் எத்தனை பேருக்கு இந்த நாணயம் உண்டு?

1989-ல் காலமானார். குருபா கோஷ்டியில் அவர் ஊதிய ரிக்கார்டுகள் இன்றும் கிடைக்கின்றன. சந்தேகமுள்ள தோழர்கள் உறையைப் பார்க்காமல் போட்டுக் கேட்கலாம்.